மலைக்கு மேலே ட்ரோன்... மூக்குக்குக் கீழே பாக்கெட் சாராயம்! கள்ளக்குறிச்சியில் உளவு கோட்டைவிட்டது எங்கே?

சேலம் - உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில் போகிறவர்கள் தியாகதுருகத்தைக் கவனிக்காமல் கடந்துவிட முடியாது. ஊரை ஒட்டி நிமிர்ந்து நிற்கும் பாறை மலையும், அதன்மேல் இடிந்து கிடக்கும் கோட்டையும் தூரத்திலேயே கண்ணில் பட்டுவிடும். மூச்சு வாங்க மேலே ஏறி நின்றால் மேற்கே கல்வராயன் மலைத்தொடர், கீழே எறும்பு ஊர்வதுபோல் லாரிகள்.

இந்தப் பாறைக்காகத்தான் 18-ம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் மைசூர்ப் படைகளும் மாறி மாறி மோதிக்கொண்டன. 1761-ல் புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்களின் கையைவிட்டுப் போன சில வாரங்களிலேயே இந்தக் கோட்டையும் ஆங்கிலேயர் வசமானது. 1790-ல் திப்பு சுல்தானின் படை இதைத் தாக்கியபோது கேப்டன் ஃப்ளின்ட் தலைமையிலான சிறு படை பிடிகொடுக்காமல் நின்றது. அப்படி என்ன இருக்கிறது இந்த மலையில்? தங்கமும் இல்லை, விளைச்சலும் இல்லை. ஆத்தூர் கணவாய் வழியாக மேற்கிலிருந்து யார் இறங்கினாலும், கடற்கரைப் பக்கமிருந்து யார் ஏறிவந்தாலும் இங்கிருந்து பார்த்துவிடலாம். அந்தப் பார்வைக்குத்தான் அத்தனை ரத்தம்.

இப்போது பார்ப்பதற்கு மலை ஏற வேண்டியதில்லை. கல்வராயன் மலையில் சாராய ஊறல் தேடும் போலீஸார் ட்ரோனைப் பறக்கவிடுகிறார்கள். நெடுஞ்சாலையில் சிசிடிவி, ஸ்டேஷனில் நாடு முழுவதையும் இணைக்கும் குற்றப் பதிவு மென்பொருள், மாவட்ட அலுவலகத்தில் சைபர் பிரிவு என்று கண்கள் பெருகிவிட்டன. ஆனாலும், 2019 நவம்பரில் செயல்படத் தொடங்கிய இந்தச் சின்ன மாவட்டம், அடுத்த 5 வருடங்களுக்குள் இரண்டு முறை தேசிய அளவில் தலைப்புச் செய்தி ஆனது. 2022-ல் கனியாமூர் பள்ளிக் கலவரம். 2024-ல் கருணாபுரம் கள்ளச்சாராயச் சாவுகள். இரண்டு முறையும் எழுந்த கேள்வி ஒன்றுதான்: "உளவுத்துறை என்ன செய்துகொண்டிருந்தது?"

ஸ்டேட்டஸில் வந்த கலவரம்

2022 ஜூலை 13 அன்று, சின்னசேலம் அருகே கனியாமூர் தனியார் பள்ளி விடுதியில் தங்கிப் படித்த பிளஸ் டூ மாணவி இறந்துகிடந்தார். பெற்றோர் சந்தேகம் எழுப்ப, போராட்டம் தொடங்கியது. நான்காவது நாள், ஜூலை 17 ஞாயிற்றுக்கிழமை, பல ஊர்களிலிருந்தும் ஆயிரக்கணக்கானவர்கள் பள்ளி முன்பு குவிந்தார்கள். போலீஸ் தடுப்புகள் நொறுங்கின. பள்ளிப் பேருந்துகள் எரிந்தன. வகுப்பறைகள் சூறையாடப்பட்டு, மாணவர்களின் சான்றிதழ்களும் சாம்பலாயின. போலீஸார் பலர் காயமடைந்தனர். கலெக்டரும் எஸ்.பி-யும் மாற்றப்பட்டார்கள்.

இதில் ரகசியம் எதுவும் இல்லை என்பதுதான் விஷயம். மாணவிக்கு நீதி கேட்டு வாட்ஸ்அப் குழுக்கள் முளைத்திருந்தன. எந்த நாள், எந்த இடம் என்ற அழைப்புகள் குழுவுக்குக் குழு தாவிக்கொண்டிருந்தன. யூடியூப் சேனல்கள் இரவு பகலாகப் பேசிக்கொண்டிருந்தன. மறுநாளே வழக்கை விசாரித்த சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என்.சதீஷ்குமார், இது திடீர் ஆத்திரத்தில் வெடித்ததாகத் தெரியவில்லை, திட்டமிட்டு நடந்ததுபோல் இருக்கிறது என்று கருத்து சொல்லி, சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்க உத்தரவிட்டார்.

பழைய காலமாக இருந்தால், இப்படியொரு கூட்டம் சேர நோட்டீஸ் அடிக்க வேண்டும், சைக்கிளில் ஊர் ஊராகப் போக வேண்டும், டீக்கடையில் பேச வேண்டும். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் 'தனிப்பிரிவு' என்று ஒரு காவலர் இருப்பார். ஸ்டேஷன் எல்லையில் என்ன நடக்கிறது என்று நேரடியாக எஸ்.பி அலுவலகத்துக்குக் குறிப்பு அனுப்புவதுதான் அவர் வேலை. டீக்கடையும் பஸ் ஸ்டாண்டும் அவருக்கு அத்துப்படி. வாட்ஸ்அப் அந்த டீக்கடையைப் பூட்டிவிட்டது. செய்தியை அனுப்புகிறவர், பெறுகிறவர் இருவரைத் தவிர இடையில் யாரும் படிக்க முடியாதபடி அது பூட்டப்பட்டே பயணிக்கிறது. ஆக, குழுவுக்குள் ஆள் இருந்தால்தான் குழுவுக்குள் நடப்பது தெரியும். தொழில்நுட்பம் எவ்வளவு வளர்ந்தாலும் இங்கே தேவைப்படுவது பழைய தனிப்பிரிவு ஏட்டுதான். என்ன, கையில் டீ கிளாஸுக்கு பதில் செல்போன்.

கலவரத்துக்கு முன்பு கைகொடுக்காத தொழில்நுட்பம், கலவரத்துக்குப் பிறகு சுறுசுறுப்பானது. சிசிடிவி பதிவுகள், டிவி சேனல்களின் காட்சிகள், கல்லெறிந்தவர்கள் தாங்களே எடுத்துப் பெருமையாகப் பகிர்ந்த வீடியோக்கள் எல்லாம் சாட்சிகளாயின. நூற்றுக்கணக்கானோர் கைது செய்யப்பட்டார்கள். குழு அட்மின்களும் தப்பவில்லை. அதேசமயம், வேடிக்கை பார்த்தவர்களையும் சம்பந்தமே இல்லாதவர்களையும் சேர்த்துப் பிடித்துவிட்டார்கள் என்ற புகார்களும் கிளம்பின. பள்ளி இருப்பது நெடுஞ்சாலை ஓரம். அந்த நேரத்தில் அந்த டவரில் பதிவான செல்போன்களில் கலவரக்காரருடையதும் இருக்கும், சேலத்துக்கு பஸ்ஸில் போனவருடையதும் இருக்கும். டவரின் பதிவேட்டில் இருவரும் ஒன்றுதான்.

இந்தக் கதையில் யாரும் அதிகம் பேசாத ஒரு காட்சி உண்டு. பள்ளியிலிருந்து பெஞ்ச், நாற்காலி என்று கையில் கிடைத்ததைத் தூக்கிப்போனவர்களிடமிருந்து அவற்றை மீட்க, சுற்றுவட்டார கிராமங்களில் அதிகாரிகள் தண்டோரா போட்டார்கள். பொருட்கள் சாலையோரம் வந்து விழுந்தன! கேமராவுக்கு அகப்படாதது பறைச் சத்தத்துக்கு அகப்பட்டது. அடுத்த மாதமே, தொழில்நுட்பம் வளர்ந்துவிட்ட காலத்தில் தண்டோரா இனி வேண்டாம், வாகனத்தில் ஒலிபெருக்கி கட்டி அறிவியுங்கள் என்று அப்போதைய தலைமைச் செயலாளர் வெ.இறையன்பு கலெக்டர்களுக்குக் கடிதம் எழுதினார். அது வேறு காரணத்துக்காக, மனிதரின் மாண்பு கருதி எடுத்த நல்ல முடிவு. ஆனாலும் கனியாமூர்த் தண்டோரா மறக்கக் கூடியதல்ல.

ட்ரோன் பார்த்தது... பார்க்காதது

கல்வராயன் மலையின் கதை வேறு. ஜாகிர்தார்கள் கையிலிருந்த இந்த மலை 1976-ல்தான் முழுமையாக அரசு நிர்வாகத்துக்குள் வந்தது. சாலையும் பள்ளியும் தாமதமாக வந்த இடத்தில் சாராயம் முன்பே வந்துவிட்டது. மலை ஒரு பக்கம் கள்ளக்குறிச்சி, மறுபக்கங்களில் சேலம், தருமபுரி, திருவண்ணாமலை என்று மாவட்ட எல்லைகளைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. இந்தப் பக்கத்து போலீஸ் ஏறினால் அந்தப் பக்கம் இறங்கிவிடலாம்.

ஓடையோரம், புதர் மறைவில் பிளாஸ்டிக் பேரல்களில் வெல்லமும் மரப்பட்டையும் போட்டு ஊறல் வைப்பார்கள். அதைத் தேடி போலீஸார் மணிக்கணக்கில் நடப்பார்கள். நடந்து சேர்வதற்குள் தகவல் முந்திக்கொள்ளும். பேரல் இருக்கும், ஆள் இருக்க மாட்டார். ட்ரோன் இந்தக் கணக்கை ஓரளவு மாற்றியது. அரை நாள் ஏறிப் பார்க்க வேண்டிய பள்ளத்தாக்கை அது சில நிமிடங்களில் காட்டிவிடும். வெப்பத்தை உணரும் கேமரா பொருத்தினால், விடியற்காலைக் குளிரில் எரியும் அடுப்பு திரையில் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும்.

ஆனால், ட்ரோனுக்கும் மூச்சு வாங்கும். சாதாரண ட்ரோனின் பேட்டரி அரை மணி நேரம் தாங்கினால் பெரிது. அடர்ந்த மரக்கூரைக்குக் கீழே இருப்பது தெரியாது. மண்ணில் புதைத்து இலைதழை போட்டு மூடிய பேரலும் தெரியாது. அதன் சத்தம் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கும் என்பதால், தேடப்படுகிறவருக்கும் அது முன்னறிவிப்பு. செல்போன் வைத்துக் கண்டுபிடிக்கலாமே என்றால், மலையின் பல ஊர்களில் சிக்னலே சரியாகக் கிடைக்காது. நகரத்தில் தெருவுக்குத் தெரு டவர் இருப்பதால் ஒருவரின் இருப்பிடத்தைக் குறுக்கிக் கண்டுபிடிக்க முடியும். மலையில் ஒரே டவர் பல ஊர்களுக்கு. 'இந்த டவரில் இருந்தார்' என்றால், இந்த மலையில் எங்கோ இருந்தார் என்பதற்கு மேல் அர்த்தமில்லை.

இதெல்லாம்கூட சரிசெய்யக்கூடிய குறைகள். பெரிய பிழை வேறு இடத்தில் இருந்தது. கண்கள் எல்லாம் மலையைப் பார்த்துக்கொண்டிருக்க, சாவு சமவெளியிலிருந்து வந்தது.

கருணாபுரம்

2024 ஜூன் 18. கள்ளக்குறிச்சி நகரத்துக்குள்ளேயே இருக்கும் கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் குடித்தவர்களுக்கு வாந்தி, வயிற்றுவலி. பிறகு கண் மங்கியது. மறுநாள் சாவுகள் வரிசையாக விழத் தொடங்கின. கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், புதுச்சேரி ஜிப்மர் என்று ஆம்புலன்ஸ்கள் ஓடின. இறுதியில் பலி எண்ணிக்கை 65-ஐத் தாண்டியது. கணவனையும் மனைவியையும் சேர்த்து இழந்த வீடுகளும் அதில் உண்டு.

அது மலையில் காய்ச்சிய ஊறல் சாராயம் அல்ல. அதில் இருந்தது மெத்தனால். பெயின்ட், பிசின், கரைப்பான் தயாரிக்கும் தொழிற்சாலைகளுக்குப் போக வேண்டிய ரசாயனம். பார்வைக்கும் வாசனைக்கும் சாராயம் போலவே இருக்கும். உடம்புக்குள் போனதும் ஃபார்மிக் அமிலமாக மாறி, முதலில் பார்வை நரம்பைத் தாக்கும். இதற்கு முந்தைய வருடம், 2023 மே மாதத்தில் மரக்காணம் எக்கியார்குப்பத்திலும், செங்கல்பட்டு மாவட்டம் சித்தாமூர் பக்கத்திலும் 20-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றதும் இதே மெத்தனால்தான். பாடம் ஒரு வருடம் முன்பே வந்துவிட்டது.

மெத்தனாலை எந்த மலையிலும் ஊறவைக்க முடியாது. அது தொழிற்சாலையில் உற்பத்தியாகி, பில் போட்டு, உரிமத்தோடு லாரியில் ஏறும் சரக்கு. வழியில் எங்கோதான் களவு போகிறது. அதைப் பிடிக்க ட்ரோன் வேண்டாம், காகிதம் போதும். எந்த ஆலை எவ்வளவு வாங்கியது, எவ்வளவு பயன்படுத்தியது, மீதி எங்கே? பெரிய சரக்கு லாரியில் ஏறினாலே இ-வே பில் பதிவாகிறது. ஜிஎஸ்டி கணக்கு இருக்கிறது. சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேக் வண்டி நம்பரைக் குறித்துக்கொள்கிறது. இவையெல்லாம் வெவ்வேறு துறைகளின் கம்ப்யூட்டர்களில் தனித்தனியாகத் தூங்கிக்கொண்டிருக்கின்றன. சென்னைப் பக்கமிருந்து கள்ளக்குறிச்சிக்கு வரும் லாரி வழக்கமாக உளுந்தூர்பேட்டையில் திரும்பி, தியாகதுருகம் கோட்டை மலையைக் கடந்துதான் வரும். கோட்டையிலிருந்து பார்த்தால் லாரி தெரியும். லாரிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிய அந்தக் கணக்குகளை ஒன்றுசேர்த்துப் பார்க்கும் ஆள் வேண்டும்.

அந்த ஆள்கூட கருணாபுரத்துக்குத் தேவைப்படவில்லை. காவல் நிலையமும் நீதிமன்றமும் கூப்பிடு தூரத்தில் இருக்க, அங்கே விற்பனை நடந்தது. முக்கியக் குற்றவாளியாகச் சொல்லப்பட்டவர் மீது ஏற்கெனவே பல மதுவிலக்கு வழக்குகள் இருந்தன. அதாவது, அவர் பெயர் போலீஸின் பதிவுகளில் இருந்தது. கள்ளக்குறிச்சியில் சாராயம் ஓடுவதை அ.தி.மு.க எம்.எல்.ஏ செந்தில்குமார் முன்பே அரசின் கவனத்துக்குக் கொண்டுவந்தார் என்று அந்தக் கட்சி சொன்னது. தெருவில் விற்கும் பொருளுக்கு விலாசம் கேட்க வேண்டியதில்லை.

முதல் சாவுகள் நிகழ்ந்தபோது, கள்ளச்சாராயம் காரணமல்ல என்று மாவட்ட நிர்வாகத்தின் தரப்பிலிருந்து சொல்லப்பட்டதாக எழுந்த சர்ச்சை இன்னும் அடங்கவில்லை. அந்தச் சில மணி நேரங்கள் எவ்வளவு முக்கியமானவை என்பது மெத்தனால் சிகிச்சை தெரிந்த மருத்துவர்களுக்குத் தெரியும். சீக்கிரம் வந்தவரைக் காப்பாற்ற முடியும். "குடித்தவர்கள் உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்" என்று ஊருக்குள் சொல்வதும் ஓர் உளவுத் தகவல்தான். இந்த முறை மேலிருந்து கீழே போக வேண்டிய தகவல்.

கலெக்டர் மாற்றப்பட்டார். எஸ்.பி-யும் மதுவிலக்குப் பிரிவு அதிகாரிகளும் சஸ்பெண்ட் செய்யப்பட்டார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி பி.கோகுல்தாஸ் தலைமையில் ஆணையம் அமைந்தது. 2024 நவம்பர் 20 அன்று வழக்கை சி.பி.சி.ஐ.டி-யிடமிருந்து சி.பி.ஐ-க்கு மாற்றி உத்தரவிட்டது சென்னை உயர் நீதிமன்றம். அதை எதிர்த்துத் தமிழக அரசு உச்ச நீதிமன்றம் வரை போயும் பலனில்லை.

யாக் தேடிப் போனவர்

கள்ளக்குறிச்சி ஒன்றும் விதிவிலக்கல்ல. 1999 மே மாதம், தொலைந்துபோன தன் யாக் மாட்டைத் தேடிப் போன தாஷி நம்கியால் என்ற லடாக் மேய்ப்பர்தான் கார்கில் மலையில் ஊடுருவியவர்களை பைனாகுலரில் பார்த்து ராணுவத்திடம் முதலில் சொன்னவர்களில் ஒருவர். அந்தப் போருக்குப் பிறகு உளவுத் தவறுகளை ஆராய்ந்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர், திருச்சியில் பிறந்த கே.சுப்ரமணியம் - இன்றைய வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கரின் தந்தை. அதன் தொடர்ச்சியாக 2004-ல் என்.டி.ஆர்.ஓ என்ற தொழில்நுட்ப உளவு அமைப்பு உருவானது. செயற்கைக்கோள், ஆளில்லா விமானம் எல்லாம் வந்தன. தேவைதான். அதே 2004 அக்டோபரில் வீரப்பனை முடித்தது எது? அவர் ஏறிய ஆம்புலன்ஸை ஓட்டிவந்த போலீஸ்காரர். வருடக்கணக்கில் பொறுமையாக ஆட்களை உள்ளே நுழைத்த வேலை அது.

2023 அக்டோபர் 7-ல் இஸ்ரேல் எல்லையில் நடந்ததையும் சேர்த்துக்கொள்ளலாம். சென்சார்களும் கேமராக்களும் நிறைந்த காஸா வேலி அது. திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த இளம் பெண் வீரர்கள், அந்தப் பக்கம் வழக்கத்துக்கு மாறான பயிற்சிகள் நடப்பதாக முன்பே எச்சரித்ததும், மேலே இருந்தவர்கள் அதைப் பொருட்படுத்தாததும் பின்னர் வெளிவந்தன. அங்கே கேமரா தவறவில்லை. பார்த்தவரும் தவறவில்லை.

சேர்த்த தகவலுக்குக் காவல் யார்?

அப்படியானால் இன்னும் அதிகமாக ஒட்டுக்கேட்கலாமா? தமிழ்நாட்டிலேயே இதற்கு ஒரு கோடு கிழிக்கப்பட்டிருக்கிறது. 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் வழங்கிய தீர்ப்பில், பொது அவசரநிலை அல்லது பொதுப் பாதுகாப்பு என்ற காரணம் இல்லாமல், குற்றத்தைக் கண்டுபிடிக்கிறோம் என்று சொல்லி ரகசியமாக போனை ஒட்டுக்கேட்பது அந்தரங்க உரிமையை மீறுவது என்றார். அது ஒரு லஞ்ச வழக்கில் சி.பி.ஐ செய்த ஒட்டுக்கேட்பு. பேச்சைக் கேட்காமல், யார் யாரோடு எப்போது எவ்வளவு நேரம் பேசினார்கள் என்ற விவரத்தை மட்டும் வாங்குவது வேறு, அதற்கும் எஸ்.பி அந்தஸ்துள்ள அதிகாரி கேட்க வேண்டும்.

சேர்த்துவைத்த தகவலே திருடுபோகும் ஆபத்தும் உண்டு. 2021-ல் தமிழகக் காவல்துறை முகம் அடையாளம் காணும் மென்பொருளைக் கொண்டுவந்தது. சந்தேகப்படும் ஒருவரைப் படமெடுத்தால், பழைய குற்றவாளிகளின் படங்களோடு அது ஒப்பிட்டுச் சொல்லும். 2024 மே மாதம் அந்தத் தளத்துக்குள் யாரோ புகுந்து விவரங்களை எடுத்து இணையத்தில் விற்பனைக்கு வைத்ததாகச் செய்தி வந்தது. ஒரு பயனரின் பாஸ்வேர்டு திருடப்பட்டதுதான் காரணம் என்று காவல்துறை விளக்கமளித்தது. ஒரே ஒரு பாஸ்வேர்டு!

சரி, இது கிராமத்தில் இருப்பவருக்கு என்ன சம்பந்தம்? கள்ளச்சாராயம் பற்றிச் சொல்ல 10581 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. ட்ரோனைவிட மலிவானது, சிக்னல் இருக்கும் எந்த மூலையிலிருந்தும் பேசலாம். சொல்கிறவரின் பெயர் ரகசியமாக இருக்கும் என்கிறது அரசு. ஆனால் 'போட்டுக்கொடுத்தவன்' என்ற பட்டம் எங்கள் ஊர், உங்கள் ஊர் என்று பார்க்காமல் ஒட்டிக்கொள்ளும். 2025 பிப்ரவரியில் மயிலாடுதுறை அருகே முட்டம் கிராமத்தில் இரண்டு இளைஞர்கள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். முன்விரோதம் என்றது போலீஸ். சாராய விற்பனையைத் தட்டிக்கேட்டதால்தான் என்றார்கள் உறவினர்கள். எது உண்மை என்று நீதிமன்றம் சொல்லட்டும். ஆனால் அந்தச் செய்தியைப் படித்த எத்தனையோ பேர், டயல் செய்ய எடுத்த போனைத் திரும்ப வைத்திருப்பார்கள்.

அவர்களுக்கு இருக்கும் சந்தேகம் மிகச் சாதாரணமானது. நான் பேசினால் என் நம்பர் அங்கே யாருக்குத் தெரியும்? நான் சொன்னது முதலில் யார் காதுக்குப் போகும் - எஸ்.பி-க்கா, விற்கிறவருக்கா?